பெல்ஃபாஸ்டில் பார்த்த ஒரு நாடகம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "வெளிநாட்டுல வேலை பார்த்துட்டு வந்திருக்கே, பசங்களுக்குப் பிரயோஜனமா இருபது நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்றார். துணைமின் நிலையங்களில் வரும் பழுதுகள் பற்றிப் படமெல்லாம் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். நேற்று சாயங்காலம் விடுதிப் பக்கம் சும்மா நடந்து போனேன். மெஸ் வாசல் வேப்பமரத்தைப் பார்த்ததும் பேச்சு மாறிப்போச்சு. அண்ணன் மன்னிக்க வேண்டும்.

அந்த மரத்தடியில்தான், நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நாங்கள் நாற்பது பேர் உண்ணாவிரதம் இருந்தோம். சாம்பாரில் பருப்பு கண்ணில் படவேண்டும், மெஸ் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும். இந்த இரண்டுதான் கோரிக்கை. காலையில் உட்கார்ந்தோம். கோஷம் போட்டோம். ராத்திரி பதினோரு மணிக்கு, "ஒன்னுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நானும் என் அறைத்தோழனும் ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட்டைக் காலி செய்தோம். அவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். மறுநாள் காலையில் வார்டன் சார் தன் கையால் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து முடித்து வைத்தார். "உடம்பு என்னத்துக்குப்பா ஆகும், சொன்னா செய்ய மாட்டமா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக் குடித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெல்ஃபாஸ்டில் ஒரு சின்ன ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று இது ஞாபகம் வந்தது. அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வேலை விஷயமாக வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் பதினான்கு மாதம் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை, சைட்டிலிருந்து திரும்பும் வழியில், நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சமூகக் கூடத்து வாசலில் நாடகத் தட்டி இருந்தது. பாபி சாண்ட்ஸ் பற்றிய நாடகம், ஒரே ஒரு நடிகர். நம் கல்ச்சுரல்ஸ் மோனோ ஆக்டிங் மாதிரி இருக்கும் என்று நினைத்து, சாப்பிடக்கூடப் போகாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். எண்பது நாற்காலி இருக்கும். மேடை என்று தனியாகக் கிடையாது. தரையில் ஒரு மெத்தை, ஒரு போர்வை, ஒரு பிளாஸ்டிக் குடம், சுவரோரம் ஒரு ஸ்டூல். அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளுக்குப் பாபி சாண்ட்ஸ் யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கே அரைகுறைதான். 1954-இல் பிறந்தவர், கோச் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்ற தொழிலாளி. கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் மிரட்டலுக்கு ஆளாகி 1972-இல் இருந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. ஐ.ஆர்.ஏ.வில் சேர்ந்தார். துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1977-இல் பதினான்கு வருஷத் தண்டனை. அடைத்த இடம் மேஸ் சிறை. பழைய பெயர் லாங் கெஷ். அங்கே கட்டடங்கள் மேலிருந்து பார்த்தால் ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். நான்கு கால்களும் கைதிகள் இருக்கும் பகுதிகள், நடுவில் குறுக்கே போகிற கோடு நிர்வாகத்துக்கு. அந்த நேர்கோட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "வட்டம்"! எந்த சிவில்காரன் வேலையோ தெரியவில்லை.

சண்டை எதற்கு என்றால், உடுப்புக்கு. 1976 மார்ச் 1-ஆம் தேதிக்குப் பிறகு செய்யும் குற்றங்களுக்கு அரசியல் கைதி மாதிரியான தனி அந்தஸ்து கிடையாது, எல்லோரும் சிறை உடைதான் போடவேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் கீரன் நியூஜென்ட் என்ற பையன் உடையைப் போட மறுத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றான். அப்படி நூற்றுக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் வெறும் போர்வையோடு இருந்தார்கள். 1978-இலிருந்து குளிக்கவும் மறுத்தார்கள், மலத்தைச் சுவரில் பூசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கணும், ஆனால் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

1980 அக்டோபர் 27-ஆம் தேதி ஏழு பேர் ஒன்றாக உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 53-ஆவது நாள், ஏழு பேரில் ஒருவர் சாகும் நிலைக்குப் போனதும், சமரசம் வருகிறது என்று நம்பி நிறுத்திவிட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. அதனால் அடுத்த முறை சாண்ட்ஸ் முறையை மாற்றினார். எல்லோரும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. 1981 மார்ச் 1-ஆம் தேதி அவர் மட்டும். இரண்டு வாரம் கழித்து அடுத்தவர். அதற்கடுத்த வாரம் இன்னும் இருவர். நம் பாஷையில் சொன்னால், பேரலலில் இருந்ததை அவர் சீரீஸுக்கு மாற்றினார். அப்படி மாற்றினால் முதலில் போவது யார் என்பது மாற்றியவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நாடகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நடிகர் ஒருவர்தான், ஆனால் அவரே அம்மா, அவரே பாதிரியார், அவரே டாக்டர், அவரே பக்கத்து அறைக் கைதி. எந்த மேக்கப்பும் இல்லை. போர்வையைத் தலைக்கு மேல் போட்டால் அம்மா, தோளில் போட்டால் பாதிரியார். முதல் பத்து நிமிஷம் எனக்கு அந்த உச்சரிப்பே பிடிபடவில்லை. "இதுக்கு டிக்கெட் வேறயா" என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் விளக்கெல்லாம் அணைந்தது. முழு இருட்டு. குரல் மட்டும் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்தப் போராட்டக் கைதிகளுக்குப் புத்தகம் கிடையாது, ரேடியோ கிடையாது. ராத்திரி காவலர்கள் நடமாட்டம் குறைந்ததும், ஒருவர் தன் அறைக் கதவின் இடுக்கில் வாயை வைத்து, அந்தப் பகுதி முழுக்கக் கேட்கும்படி கதை சொல்வார். மற்றவர்கள் படுத்தபடி கேட்பார்கள். அந்தக் கதைசொல்லிகளில் பேர்போனவர் சாண்ட்ஸ். லியோன் யூரிஸ் எழுதிய 'டிரினிட்டி' என்ற தடிமனான நாவலை, கையில் புத்தகம் இல்லாமல், ஞாபகத்திலிருந்தே பல ராத்திரி தொடர்ந்து சொன்னார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐரிஷ் மொழியையும் இப்படித்தான் கதவுக்குக் கதவு கத்திக் கத்திக் கற்றுக்கொண்டார்கள். அதாவது நாடகமாக வருவதற்கு முன்பே அந்த மனிதரே ஒரு தனிநடிகர்தான். முகம் தெரியாத பார்வையாளர்களுக்கு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குரலாலேயே எல்லா வேஷமும் போட்டவர். இருட்டில் அந்தக் குரலைக் கேட்டபோது, இந்தக் கதையை இருபது நடிகர்களோடு போட்டிருந்தால் பொய்யாகியிருக்கும் என்று தோன்றியது. 2008-இல் ஸ்டீவ் மெக்வீன் எடுத்த 'ஹங்கர்' படத்தைப் பிறகு பார்த்தேன், நல்ல படம்தான். ஆனால் அதில் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். அந்த இருட்டுக்கு ஈடாகவில்லை.

விளக்கு மறுபடி வந்தபோது ஸ்டூல் மேல் ஒரு தட்டு இருந்தது. நிஜச் சாப்பாடு. மீன் வறுவல், உருளைக்கிழங்கு சிப்ஸ், மேலே வினிகர். ஆவி பறந்தது. சிறையிலும் அப்படித்தான், சாப்பிடாதவரின் அறையிலேயே வேளாவேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். முதல் பதினேழு நாள் சாண்ட்ஸ் நாட்குறிப்பு எழுதினார், டாய்லெட் பேப்பரில். அதில் தன் எடை எவ்வளவு, என்ன பறவை கத்தியது, தட்டில் என்ன வைத்தார்கள் என்றெல்லாம் வருகிறது. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேன் என்று மனம் அலைந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வினிகர் வாசனை ஹால் முழுக்கப் பரவியது. மத்தியானம் ஒரு சாண்ட்விச் தின்றதோடு சரி, என் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். மேடையில் ஒருவர் சாகக் கிடக்கிறார், என் வயிறு தட்டைக் கேட்கிறது. அப்போதுதான் நண்பர்களே, அந்த மேரி பிஸ்கட் ஞாபகம் வந்தது.

உடம்பு எப்படிக் கரைகிறது என்பதை நடிகர் ஆர்ப்பாட்டம் இல்லாமல் காட்டினார். அவர்கள் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கல்லீரலில் இருக்கும் சர்க்கரை இருப்பு ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துபோகும். பிறகு கொழுப்பு எரியும். அதுவும் குறைந்தால் தசை, அதில் இதயத் தசையும் சேர்த்திதான். சில வாரங்களில் வைட்டமின் பி-1 தீர்ந்து விழிகள் தாமாக ஆட ஆரம்பிக்கும். ஒன்று இரண்டாகத் தெரியும், ஓயாத வாந்தி, அப்புறம் பார்வையே மங்கும். நடிகர் தட்டை நோக்கிக் கை நீட்டி, தட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைத் தடவினார். தண்ணீர் டம்ளரைத்தான் தேடினாராம். பின்வரிசையில் யாரோ தேம்பினார்கள்.

நடுவில் தேர்தல் வந்தது. ஃபெர்மனா - தெற்கு டைரோன் தொகுதியின் எம்.பி. இறந்துபோக, இடைத்தேர்தலில் சிறைக்குள் இருந்தே சாண்ட்ஸ் நின்றார். 1981 ஏப்ரல் 9-இல் 30,493 வாக்கு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்றவருக்கு 29,046. பட்டினியில் 40-ஆவது நாள் எம்.பி. ஆனவர், நாடாளுமன்றத்தைப் பார்க்கவே இல்லை. குற்றம் குற்றம்தான், அதில் அரசியல் கிடையாது என்று பிரதமர் தாட்சர் சொல்லிவிட்டார். போப்பாண்டவரின் தூதர் வந்து ஒரு சிலுவையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மே 5-ஆம் தேதி, 66-ஆவது நாள், சாண்ட்ஸ் இறந்தார். வயது 27. இங்கே இறுதியாண்டு முடிக்கிற தம்பிகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட.

அடக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். டெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகம் இருந்த சர்ச்சில் தெருவுக்கு பாபி சாண்ட்ஸ் தெரு என்று பேர் வைத்தார்கள். முகவரியில் அந்தப் பேர் வராமலிருக்கத் தூதரகம் தன் வாசலை வேறு தெருப் பக்கம் மாற்றிக்கொண்டதாம். நம் ராஜ்யசபையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், "இந்தியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஜதின் தாஸ்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டேன். ரூமுக்கு வந்துதான் படித்தேன். பகத்சிங்கோடு லாகூர் சிறையில் இருந்தவர். அங்கேயும் கேட்டது அதேதான், அரசியல் கைதியாக நடத்து என்று. 63 நாள் இருந்து 1929 செப்டம்பர் 13-இல் செத்தார். அப்போது அயர்லாந்திலிருந்து டெரன்ஸ் மெக்ஸ்வீனியின் குடும்பம் அனுதாபத் தந்தி அனுப்பியது. மெக்ஸ்வீனி கார்க் நகர மேயர், 1920-இல் லண்டன் சிறையில் 74 நாள் பட்டினி கிடந்து இறந்தவர். அவரும் நாடக ஆசிரியர் என்பது கூடுதல் செய்தி. அவர் இறந்த பிறகு கவிஞர் யேட்ஸ் ஒரு வேலை செய்தார். அரண்மனை வாசலில் பட்டினி கிடக்கும் புலவனைப் பற்றி 1903-இல் ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதில் கடைசியில் ராஜா இறங்கி வருவார். மெக்ஸ்வீனி செத்ததும் முடிவை மாற்றி, புலவன் சாவதாக எழுதிவிட்டார். கடனைத் திருப்பித் தராதவன் வீட்டு வாசலில் பட்டினி கிடப்பது பழைய அயர்லாந்தில் சட்டமே. நம் ஊர் தர்ணாவும் ஒரு காலத்தில் அதுதான். என் நாட்டு ஜதின் தாஸை ஒரு பெல்ஃபாஸ்ட் கிழவர் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருந்தது.

அன்று ராத்திரி அந்தக் கூடத்துக்கு எதிரில் இருந்த கடையில் மீனும் சிப்ஸும் வாங்கித் தின்றேன். வினிகர் போட்டு. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சைட்டில் என் சீனியரிடம் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது, நல்ல மனிதர், வேலையில் கெட்டி. புராட்டஸ்டன்ட் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டதில்லை. நான் உற்சாகமாக மேடை, இருட்டு, குரல் என்று சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே மீட்டரைத் துடைத்தார். "தட்டை யார் கொண்டுவந்து வைத்தார்கள்?" என்று கேட்டார். யோசித்தேன். விளக்கு வந்தபோது தட்டு இருந்தது, யாரும் கொண்டுவரவில்லை. ஒரே நடிகர்தானே. "என் மாமா" என்றார்.

அம்மாவின் தம்பி. மேஸில் சிறைக் காவலர். ஒரு நாளைக்கு மூன்று வேளை தட்டைக் கொண்டுபோய் வைப்பதும், ஆறியதை எடுப்பதும் அவர் வேலையாக இருந்த வாரங்கள் உண்டாம். தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் கண்ணாடியை நீட்டிக் காருக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வருஷங்களில் சிறைக் காவலர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். சிறைக்குள் சிலர் கைதிகளை எப்படி அடித்தார்கள் என்பதும் உண்மை, இதுவும் உண்மை. மாமா சிறையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, மேஜையில் சாப்பிடாத தட்டு இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். பேரப்பிள்ளைகள் மிச்சம் வைத்தால்கூட. "ஏன் என்று யாரும் கேட்கவில்லை" என்றார் சீனியர். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். சாண்ட்ஸ் ஜெயித்ததற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 7-ஆம் தேதி, டெர்ரி நகரில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போன 29 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். கைக்குழந்தைக்காரி. அதுவும் உங்கள் நாடகத்தில் இருந்ததா என்று கேட்டார். இல்லை.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. எண்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் வைக்க முடியுமா, அது ஒருத்தர் கதை என்றேன். "சரிதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அவர் வாதம் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அல்லது ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு மறந்திருப்பேன்.

சாண்ட்ஸுக்குப் பிறகு இன்னும் ஒன்பது பேர் இறந்தார்கள். கடைசியாக மைக்கேல் டெவைன், ஆகஸ்ட் 20. அதை நிறுத்தியது தாட்சரும் இல்லை, ஐ.ஆர்.ஏ.வும் இல்லை. அம்மாக்கள். நினைவு தப்பிவிட்டால் வைத்தியம் பார்க்கச் சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. ஜூலை கடைசியில் ஒரு தாய் கையெழுத்துப் போட்டார். பிறகு மற்ற குடும்பங்களும். சாண்ட்ஸின் தாயாரோ, தலையிட மாட்டேன் என்று மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். இந்த இரண்டு தாய்மாரில் யார் செய்தது சரி என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். என் அம்மாவிடமே கேட்டேன். "போடா, இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று போனை வைத்துவிட்டார். அக்டோபர் 3-ஆம் தேதி உண்ணாவிரதம் முடிந்தது. மூன்று நாள் கழித்துச் சொந்த உடுப்புப் போட்டுக்கொள்ள அனுமதி வந்தது.

நம் நாடகக் குழுத் தம்பிகள் நேற்று என்னிடம் வந்து, இந்தக் கதையைப் போடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள். மெத்தையும் போர்வையும் சங்கச் செலவில் வாங்கித் தரச் செயலாளர் அண்ணனிடம் சொல்கிறேன். ஒரே ஒரு யோசனைதான். இருட்டில் தட்டை வைத்துவிடாதீர்கள். விளக்கைப் போட்டுக்கொண்டே யாராவது ஒருவன் நடந்து வந்து வைத்துவிட்டுப் போகட்டும். அவனுக்கு வசனம் வேண்டாம். ஓராள் நாடகம் என்ற கணக்குத் தப்பினால் தப்பட்டும்.

மேஸ் சிறை 2000-இல் மூடப்பட்டது. பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஒரு ஹெச் கட்டடத்தையும், பத்துப் பேர் இறந்த சிறை மருத்துவமனையையும் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அதை என்ன செய்வது என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை, 2013-இல் ஒரு பெரிய திட்டமே நின்றுபோனது. அதே வளாகத்தின் இன்னொரு பகுதியில் 2013-இலிருந்து வருஷா வருஷம் மே மாதம் விவசாயக் கண்காட்சி நடக்கிறது. மாட்டுச் சந்தை, டிராக்டர், சாப்பாட்டுக்கென்றே தனிப் பந்தல்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் சீனியர் தன் குடும்பத்தோடு என்னையும் அங்கே கூட்டிப்போனார். பேரன் ஒரு ஐஸ்க்ரீமை வாங்கிப் பாதியிலேயே என் கையில் கொடுத்துவிட்டு மாடு பார்க்க ஓடிவிட்டான். அது உருகி வழிந்தது. "தின்றுவிடு, வீணாக்காதே" என்றார் சீனியர். தின்றுகொண்டே, அது எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் கையை நீட்டவில்லை. டிராக்டர்களுக்கு அந்தப் புறம் தெரிந்த வேலியைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.